உப்புத்தாள் படுவதற்கு முன்

பழைய கார் ஒன்று டிங்கரிங் பட்டறைக்குள் நுழைந்ததும் உரிமையாளரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கணும்?" அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பானெட்டின் மேல் உப்புத்தாள் ஓடத் தொடங்கிவிடும். சில நாளில் வெறும் தகரம் தெரியும். அதன்மேல் ரெட் ஆக்சைடு ஏறும், பட்டி ஏறும், புதுப் பெயிண்ட் ஏறும். அந்தக் கார் ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் என்ன நிறத்தில் இருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகுதான் எழுகிறது. அப்போது பதில் சொல்ல வேண்டிய சாட்சி, தேய்த்துக் கழுவிய தண்ணீரோடு போயிருக்கும்.

பழைய காரின் உடம்பில் இருக்கும் பூச்சு அடுக்குகளை நான் ஆவணமாகவே கருதுகிறேன். மேலை நாட்டுக் கார்கள் பலவற்றுக்கு ஆலையின் பதிவேடுகள் பேசும். நம்மூரில் தயாரான கார்களுக்கு அப்படி எடுத்துப் பார்க்கும் வசதி இல்லை. உடம்புதான் பேச வேண்டும். அதைப் படிக்காமல் அழித்துவிடக் கூடாது. படித்தால், அது சொல்வதைக் கேள்வி கேட்காமல் நம்பிவிடவும் கூடாது. அசல் நிறத்தைத் தேடும் வேலை முழுவதும் இந்த இரண்டு எச்சரிக்கைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

இதை எளாவூரை மனத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து வடக்கே போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம், சோழவரம், கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திர எல்லைக்கு முன்னால் சோதனைச்சாவடி நிற்கும் ஊர் எளாவூர். இன்று அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் இரும்பு ஏற்றிய டிரெய்லர்களும்தான் கண்ணில் படும். ஆனால் இந்தியாவில் வேகமான கார்களின் கதை நெடுங்காலம் இதே சாலையோரத்தில் நடந்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில்தான் பந்தயங்களை நடத்தியது. கோண்டல் அரச குடும்பத்தின் ஜாகுவார் ஈ-டைப் அங்கே ஓடியது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை அங்கே ஓட்டினார். கோயம்புத்தூர்ப் பந்தய வீரர் கரிவரதன் பெயர் பெற்றதும் அந்தக் கான்கிரீட் பாதையில்தான். இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை வந்தபின் சோழவரம் ஓய்ந்தது.

பெரிய பெயர்களைவிட, பந்தயத்துக்காக மாற்றப்பட்ட சாதாரணக் கார்களே இந்தக் கட்டுரைக்கு முக்கியம். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் அசல் ஸ்போர்ட்ஸ் கார் என்பது அரசர்களுக்கும் வெளிநாட்டுத் தூதரகத்தாருக்கும் வாய்த்த பொருள். தூதரகத்தார் விட்டுச்சென்ற எம்ஜி, ட்ரையம்ஃப், ஜாகுவார் கார்கள் கை மாறிக் கை மாறி நம்மவர்களிடம் வந்தன. மற்றவர்கள் கையில் இருந்ததை வைத்து வேகம் தேடினார்கள். சென்னைக்காரர்களுக்குக் கையில் இருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டின் பிறப்பு இங்கிலாந்தின் கவென்ட்ரியில். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்தது. அதே சேஸியைச் சற்றுக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் வரைவில் 1962-இல் வந்த இரண்டு இருக்கைக் கார்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஆக நம் ஹெரால்டு, பெயர்பெற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் அதைச் சென்னையில் தயாரித்தது. ஆலை வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டு போய் கெசல் என்ற கார் வந்தது. எண்பதுகளின் முடிவில் ஆலையே நின்றுவிட்டது.

நிறத்தைத் தேடுகிறவருக்கு ஹெரால்டின் அமைப்பு ஒரே நேரத்தில் வரமும் தொல்லையும். அந்தக் காலத்துப் பெரும்பாலான சிறு கார்களைப் போல அது ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டதல்ல. தனி சேஸி, அதன்மேல் உடம்பின் பகுதிகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. மட்கார்டுகளோடு சேர்ந்த முழு பானெட்டும் முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும். தொலைநாட்டு ஆலைகளுக்குப் பாகங்களாக அனுப்பிப் பூட்டுவதற்கு இது வசதி. பகுதிகள் சேரும் இடுக்குகளில், போல்ட்டின் வாஷருக்கு அடியில், மூட்டை மறைக்கும் பட்டைக்குப் பின்னால் எந்த ஸ்பிரே கன்னும் பிற்காலத்தில் எட்டியிருக்காது. அங்கே பழைய பூச்சு பத்திரமாக இருக்கும். அது வரம்.

தொல்லை, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலிருந்து வந்தது. ஒரு ஹெரால்டின் கதவு நசுங்கினால் அதைத் தட்டி நிமிர்த்துவதைவிட, உடைத்த வண்டியின் கதவைப் புதுப்பேட்டையில் வாங்கி மாட்டுவது சுலபம். பானெட்டும் அப்படித்தான். அறுபது ஆண்டு ஓடிய ஒரு காரில் எந்தப் பகுதி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை இதனால் உண்டானது. கதவின் உட்புறத்தில் வெளிர்நீலம் கிடைத்தால், அந்தக் கதவு வெளிர்நீலக் காரில் இருந்தது என்பது மட்டுமே உறுதி. ஆகவே மாற்றுவதற்குக் கடினமான பகுதியிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்: எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையிலுள்ள ஃபயர்வால், அதோடு சேர்ந்த முன்தளம். காரின் எண் பொறித்த தகடு இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். அங்கே கிடைத்த நிறம் கதவிலும் டிக்கியிலும் மறுபடி கிடைத்தால் வழக்கு வலுக்கிறது. ஒரே இடத்தில் கிடைத்ததை வைத்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அந்நியக் கதவின் நிறத்தைக் காருக்கு அடித்துவிடுகிறார்கள்.

எங்கே எல்லாம் பார்ப்பது? வெயிலும் மழையும் கையும் துணியும் படாத இடங்கள் எல்லாவற்றிலும். முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரின் கீழ். டேஷ்போர்டில் மீட்டர்களைக் கழற்றினால் தெரியும் விளிம்பில். கதவின் உள்ளட்டைக்குப் பின்னால். டிக்கியில் பெட்ரோல் டேங்கை இறக்கினால் அதன் முதுகுக்கு எதிரே. தரையில் ஒட்டிய தார் அட்டையைச் சூடுகாட்டி உரித்தால் அதன் அடியில். எண் தகட்டின் பின்புறம் சிறந்த இடம். ஆனால் அதன் ரிவெட்டுகளைப் பிடுங்கும் முன் பலமுறை யோசிக்க வேண்டும். பிடுங்கிய தகடு பிடுங்கிய தகடுதான், பின்னால் யாரும் அதை முழுதாக நம்பமாட்டார்கள்.

மறைவிடங்களில் பார்த்தபின், வெளிப்பக்கத்தில் ஒரு சிறு சாளரம் திறக்க வேண்டும். பெயிண்டர்களுக்குக் கைவந்த வேலைதான். அவசரப்படாமல் செய்தால் போதும். ரூபாய் நாணய அளவு இடத்தைத் தேர்ந்து, 600 எண் வாட்டர் பேப்பரில் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் தேய்த்து, போகப்போக 1500, 2000 என்று மென்மையாக்கிக்கொண்டே வந்தால், நடுவில் தகரமும் சுற்றிலும் ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரியும். ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். அந்தக் கால மஞ்சள், ஆரஞ்சு, சில பச்சை நிறங்களில் ஈயக் குரோமேட் இருந்தது. காய்ந்த தூசியை மூச்சில் இழுப்பது மெல்ல உடம்பைக் கெடுக்கும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேய்க்கும் இளைஞர்களை நம் பட்டறைகளில் பார்க்கிறோம். கைக்குட்டை ஈயத் தூசிக்குத் தடை ஆகாது. முறையான வடிகட்டியுள்ள முகமூடியை வாங்கித் தருவது கார் உரிமையாளரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

வளையங்கள் தெரிந்ததும் அவற்றைப் படிக்க வேண்டும். எது ஆலைப் பூச்சு, எது பிற்காலத்தது? பட்டி முதல் துப்பு. ஒரு நிறத்தின் அடியில் பட்டி இருந்தால், தகரம் ஒருமுறை நசுங்கி நிமிர்த்தப்பட்ட பின்னரே அந்த நிறம் வந்தது. ஆலைப் பூச்சின் அடியில் பிரைமர் எங்கும் ஒரே நிறத்தில், ஒரே கனத்தில் இருக்கும். பட்டறைப் பிரைமர் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு பூச்சுகளுக்கு நடுவே உருப்பெருக்கியில் மெல்லிய அழுக்குக் கோடு தெரிந்தால், கீழ்ப்பூச்சு கொஞ்ச காலம் சாலையில் ஓடியிருக்கிறது. கனமும் உதவும். ஆலைப் பூச்சு மொத்தமாக ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். மீண்டும் அடித்த இடங்களில் அது இருமடங்கு, மும்மடங்காகக் கூடும். தகரத்தின் மேல் வைத்தால் மைக்ரான் காட்டும் கையடக்கக் கருவி இப்போது பழைய கார் வியாபாரிகள் கையிலேயே இருக்கிறது.

இன்னும் ஒரு கண்ணி உண்டு. பழைய சிவப்புச் சாயங்கள் சில, தின்னர் பட்டால் கரைந்து மேலே கசியும். சிவப்புக் காரின் மேல் வெள்ளை அடித்தால் அந்த வெள்ளை இளஞ்சிவப்பாகத் திரும்பும். சாளரத்தில் ஒரு ரோஜா நிற வளையம் கண்டு, கார் ஒரு காலத்தில் ரோஜா நிறத்தில் இருந்தது என்று முடிவுகட்டினால் அது தவறு. அந்த அடுக்கின் மேல்பகுதியும் அடிப்பகுதியும் ஒரே நிறமா என்று பார்த்தால் உண்மை தெரியும்; கசிவு அடியில் அடர்ந்தும் மேலே வெளிறியும் இருக்கும்.

சரி, ஆலைப் பூச்சை அடையாளம் கண்டாயிற்று. மறைவிடத்தில், வெயில் படாமல், அறுபது ஆண்டு அப்படியே இருந்த பூச்சு. அதை ஒட்டி நிறம் கலக்கலாமா? பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிம்மதியடைகிறார்கள். எனக்கு முக்கியமான ஐயம் இங்கேதான் தொடங்குகிறது.

வெயில் நிறத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருட்டும் கெடுக்கும். எண்ணெய் சேர்ந்த ஆல்கிட் எனாமல் பூச்சுகள் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சள் பூக்கும். அதனால் ரப்பருக்கு அடியில் கிடைக்கும் வெள்ளை, பால் வெள்ளையாக இல்லாமல் தந்த நிறமாகத் தெரியும். நீலம் பச்சையின் பக்கம் சாயும். பழைய கட்டடங்களின் பூச்சை ஆராய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எடுத்த துணுக்கைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்து, அந்த மஞ்சள் வெளுத்தபின்தான் நிறத்தை ஒப்பிடுவார்கள். கார்களுக்கும் இதுவே சரி. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வேறு வகை. 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கொண்டுவந்த டூக்கோ அதுதான். நாள்கணக்கில் காய்ந்த கார்ப் பூச்சை மணிக்கணக்கில் காயவைத்தது. நம் பட்டறைகளில் அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. வெளிச்சத்தில் மஞ்சளாவது அதன் குணம். ஆக எந்த வகைப் பூச்சு என்று தெரியாமல், மறைவிடத்து நிறத்தை நம்புவதா, திறந்த இடத்து நிறத்தை நம்புவதா என்று சொல்லவே முடியாது. தெரிந்துகொள்ளச் சோதனை எளிது: பஞ்சில் லாக்கர் தின்னர் தொட்டு ஓரிடத்தில் ஒற்றினால் லாக்கர் கரைந்து பஞ்சில் ஒட்டும், முற்றிய எனாமல் கரையாது, சுருங்கும் அல்லது அப்படியே நிற்கும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் நின்ற காராக இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டியவை இன்னும் உண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரி. அங்கிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. பூச்சில் நூலிழை போலக் கீறல் விழுந்தால் போதும், அதன் அடியில் துரு படர்ந்து, பூச்சு கொப்புளமாக எழும்பும். சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கும் வட்டாரத்தில் காற்றில் மிதக்கும் இரும்புத் துகள் திறந்தவெளியில் நிற்கும் காரின் மேல் படிந்து, பனி ஈரத்தில் துருப்பிடித்து, வெளிர்நிறப் பூச்சில் ஆரஞ்சுப் புள்ளிகளாக இறங்கும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் ஈயம் கலந்த நிறங்களைக் கருமையாக்கும். மஞ்சள் மங்கிப் பழுப்பாகும். இப்படிப்பட்ட காரின் கூரையில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வைத்து அளந்தால் கிடைக்கும் எண்களில் காரின் நிறமும் இருக்கும், அந்த வட்டாரத்தின் காற்றும் இருக்கும்.

அந்தக் கருவியைக் குறைத்துச் சொல்லவில்லை. நிறத்தை எண்ணாக்கித் தருவது பெரிய உதவி. 1976-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறைப்படி வெளிச்சம், சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம் என்று மூன்று எண்களில் எந்த நிறத்தையும் குறித்துவிடலாம். இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒன்றுக்குக் கீழே இருந்தால் பழகிய கண்ணுக்கும் பிடிபடுவது கடினம். பெயிண்ட் மிக்ஸிங் கடையில் கம்ப்யூட்டர் சொல்லும் கலவை இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் கருவி அளப்பது இன்று அதன் கண்ணுக்குக் கீழே இருப்பதை மட்டும். எந்த இடத்தில் அளப்பது, அளக்கும் முன் மேலே வெளுத்த படலத்தை எவ்வளவு நீக்குவது, கிடைத்த எண்ணிலிருந்து மஞ்சளை எவ்வளவு கழிப்பது என்ற முடிவுகள் மனிதனுடையவை. அதனால்தான் கருவி கடைசியில் வர வேண்டும் என்கிறேன். இப்போது அது முதலில் வருகிறது.

கடையில் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. பழைய கலவைச் சூத்திரம் கையில் கிடைத்தாலும் அதில் சொல்லிய ஈயக் குரோமேட் போன்ற சாயங்களைப் பல நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. வேறு சாயங்களில் அதே நிறத்தைக் கொண்டுவந்தால் கடையின் டியூப்லைட்டில் பொருந்தும். வெயிலில் நிறுத்தினால் இரண்டு நிறமாகப் பிரியும். ஒப்பிடும் வேலையைக் காலை வெயிலில், நிழலில், விளக்கொளியில் என்று மூன்றிலும் செய்துபார்க்காமல் டப்பாவுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அடிப்பூச்சும் விளையாடும். சிவப்பும் மஞ்சளும் முழுதாக மறைக்கும் நிறங்களல்ல. சாம்பல் பிரைமரின் மேல் ஒரு சிவப்பு, ரெட் ஆக்சைடின் மேல் வேறொரு சிவப்பு. ஆலைப் பூச்சின் அடியில் இருந்த பிரைமரின் நிறத்தைச் சாளரத்திலேயே குறித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

நகக்கண் அளவு பூச்சுத் துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் சாதாரண ஒளியிலும் புறஊதா ஒளியிலும் பார்ப்பது அருங்காட்சியகங்களின் முறை. அகச்சிவப்பு நிறமாலை பூச்சில் உள்ள பிசின் நைட்ரோசெல்லுலோஸா, ஆல்கிட்டா, அக்ரிலிக்கா என்று சொல்லிவிடும். இது ஏதோ வெளிநாட்டு வித்தை அல்ல. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியைக் கண்டுபிடிக்க, விபத்து இடத்தில் உதிர்ந்த பெயிண்ட் சில்லை அடுக்கடுக்காக ஆராயும் தடய அறிவியலும் இதே அறிவைத்தான் பயன்படுத்துகிறது. கனடாவின் அரச காவல்படை கார்ப் பூச்சுகளுக்கென்று ஒரு தரவுத்தளமே நடத்துகிறது. 1849-இல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்ட ஊர் சென்னை. தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் வேர் அங்கே இருக்கிறது. குற்ற வழக்குக்குக் கிடைக்கும் அந்த அறிவு, காரை மீட்டெடுக்கிறவர்களுக்கும் கட்டணம் கட்டிப் பெறும்படி நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்கள் வழியாகக் கிடைத்தால் நல்லது. கருவிகள் பல கல்லூரிகளில் இருக்கின்றன.

இவ்வளவு தேடி அடியிலுள்ள நிறத்தைக் கண்டுவிட்டால் அதுவே அசல் நிறமா? எப்போதும் இல்லை. 1964-இல் வந்த 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டு ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, உலகில் மிக அதிகம் பேர் அறிந்த வெள்ளிநிறக் கார். அது முன்மாதிரியாகக் கட்டப்பட்டபோது அடர்சிவப்பில் இருந்தது. படத்துக்காகத்தான் வெள்ளிநிறம் பூசப்பட்டது. அடிப்பூச்சே அசல் என்று பிடிவாதம் பிடித்தால் அந்தக் காரை அடர்சிவப்பாக்க வேண்டும். அதைக் கண்டு மகிழ யாரும் இருக்கமாட்டார்கள். சோழவரத்தில் ஓடிய ஹெரால்டுக்கும் இதே கேள்வி. பெருங்களத்தூரில் அடித்தது ஒரு நிறம். பந்தயத்துக்காகக் கூரையைத் தாழ்த்தி, பம்பரைக் கழற்றி, புதிதாக அடித்தது வேறு நிறம். அந்தக் கார் நினைவில் நிற்பது இரண்டாவது நிறத்தில். அப்படிப்பட்ட காரில் பந்தய நிறத்தைத்தான் மீட்க வேண்டும் என்பது என் கருத்து. பந்தயக் காலத்தின் மாற்றங்கள் முழுதும் நீக்கப்பட்டு, குடும்பக் காராகத் திரும்பிவிட்டிருந்தால் மட்டும் ஆலை நிறத்துக்குப் போகலாம். உடம்பு ஒரு காலத்திலும் நிறம் வேறொரு காலத்திலும் நிற்பதுதான் தவறு.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சிவப்பு என்ற எண்ணம் இதில் பெரிய கேடு செய்திருக்கிறது. சாம்பலும் தந்தநிறமும் வெளிர்நீலமுமாக வந்த எத்தனையோ எம்ஜிக்களும் ட்ரையம்ஃப்களும் மீட்டெடுத்தவர் கையில் சிவப்பாகிவிட்டன. பிரிட்டன் என்றால் பச்சை என்பதும் அப்படியே. 1903-இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னட் பந்தயத்தில், விருந்தளித்த நாட்டுக்கு மரியாதையாகப் பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூண்டன. அந்தப் பச்சைக்கு ஒரே சாயல் என்றும் இருந்ததில்லை. இளம்பச்சையிலிருந்து கருக்கும் பச்சை வரை எல்லாமே அந்தப் பெயரில் ஓடியிருக்கின்றன.

எழுத்து ஆவணங்களுக்கு வருவோம். இங்கிலாந்திலேயே தயாரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். எண் தகட்டில் நிறத்துக்கான குறியெண் உண்டு. அதன் கடைசி இலக்கம் நிறக் குடும்பத்தைச் சொல்லும்: 2 சிவப்பு, 4 மஞ்சள், 5 பச்சை, 6 நீலம், 9 வெள்ளை. முன்னிலக்கம் அந்தக் குடும்பத்தில் எந்தச் சாயல் என்பதைக் காட்டும். 32 என்றால் சிக்னல் ரெட், 25 என்றால் கோனிஃபர் கிரீன், 26 என்றால் வெட்ஜ்வுட் புளூ. அதோடு, கெய்டன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ஆலைப் பதிவேட்டைப் பார்த்துக் கார் என்ன நிறத்தில் எந்த நாளில் வெளியேறியது என்று சான்றிதழ் தருகிறது. ஆனால் பாகங்களாகக் கப்பலேறிச் சென்னையில் பூட்டப்பட்ட காருக்கு அந்தப் பதிவேடு நிறம் சொல்லாது. பூச்சு பூட்டிய இடத்தில்தான் நடக்கும்.

நமக்கு இருக்கும் எழுத்து ஆவணம் ஆர்.சி. புத்தகம். அதில் நிறத்துக்கென்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் 'சாம்பல்', 'நீலம்' என்று ஒரு சொல்தான் இருக்கும். எந்த நீலம் என்று இருக்காது. இருந்தாலும் அது அரசு முத்திரையோடு, தேதியோடு இருக்கிறது. நிறம் மாற்றியதைப் பதிந்திருந்தால் எந்த ஆண்டு மாறியது என்பதும் தெரியும். சாளரத்தில் மூன்று நிறமும் ஆர்.சி.யில் இரண்டு மாற்றப் பதிவும் ஒரே வரிசையில் வந்தால் அதைவிட நல்ல ஒப்புதல் கிடைப்பது அரிது. அசல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஸ்மார்ட் கார்டு வாங்கும்போது பழைய பக்கங்களை நகலெடுத்து வைக்காதவர்கள் இந்தச் சாட்சியை இழக்கிறார்கள்.

புகைப்படங்களை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். சோழவரத்தின் பழைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அந்தப் பிலிமில் நடுத்தரச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் ஒரே சாம்பலாக விழும். நிறத்தைச் சொல்ல முடியாவிட்டாலும் அவை வேறொன்றைச் சொல்லும்: கூரையும் உடம்பும் ஒரே நிறமா, பானெட்டில் பட்டை இருந்ததா, வட்டத்துக்குள் எண் எங்கே எழுதியிருந்தது, சக்கரத்துக்கு உடம்பின் நிறமா வெள்ளியா. நிறத்தைப் பூச்சிலிருந்தும் அமைப்பைப் படத்திலிருந்தும் எடுப்பதே முறை. அறுபதுகள், எழுபதுகளின் கலர் பிரின்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். படம் முழுவதும் சிவப்பேறும். பழைய ஈஸ்ட்மென் கலர் படச்சுருள்கள் ரோஜா நிறத்தில் ஓடுவதும் இதனால்தான். அப்படிப்பட்ட ஆல்பத்தில் கார் செம்பழுப்பாகத் தெரிந்தால், பக்கத்தில் நிற்கும் மரத்தின் இலை என்ன நிறமாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

நினைவும் இப்படித்தான் நிறம் மாறும். 1934-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், எடை வரம்பான 750 கிலோவுக்குள் வர மெர்சிடிஸ் கார்களின் வெள்ளைப் பூச்சை இரவோடு இரவாகச் சுரண்டியதால் 'வெள்ளி அம்புகள்' என்ற வெள்ளிநிறப் பந்தயக் கார்கள் பிறந்தன என்று அந்த அணியின் மேலாளர் ஆல்ஃபிரட் நியூபவர் பிற்காலத்தில் எழுதினார். உலகமே அதைச் சொல்லிவந்தது. அந்தப் பந்தயத்துக்கு அந்த எடை வரம்பே பொருந்தவில்லை என்று வரலாற்றாய்வாளர்கள் பின்னால் எடுத்துக்காட்டினார்கள். நேரில் இருந்தவர் சொன்னார் என்பதற்காக ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சாளரத்தோடு ஒப்பிட வேண்டும்.

எல்லாம் முடிந்து புதுப் பூச்சு அடிக்கும் நாளில் ஒரு வேண்டுகோள். உள்ளங்கை அளவு இடத்தில் பழைய அடுக்குகளை அப்படியே விட்டுவிடுங்கள். டிக்கியின் உட்புறமோ, டேஷ்போர்டுக்கு அடியிலோ இருக்கலாம். பழைய வாகனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், மீட்டெடுக்கும்போது செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2021-இல் வந்த விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றப்படாத வாகனங்களை விண்டேஜ் என்று பதிந்து 'வி.ஏ.' வரிசை எண் கொடுக்க வகைசெய்கின்றன. அந்தப் பதிவுக்குப் போகும் ஒவ்வொரு காரோடும் ஒரு சிறு குறிப்பேடு போகலாம்: சாளரத்தின் படம், அடுக்குகளின் வரிசை, அளந்த எண்கள், கலந்த சூத்திரம், விட்டுவைத்த இடம். நாளை நம் முடிவு தவறென்று யாராவது காட்ட விரும்பினால் அவருக்கு அது வேண்டும்.

புதுப் பூச்சு இன்றைய டூ-கே பாலியூரித்தேனாக இருந்தால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது; சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரலாம். வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடி இல்லாமல் மூடிய கொட்டகையில் அதை அடிக்கக் கூடாது. இன்னொரு வேலையும் அவசரம்: அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தக் கார்களுக்கு அடித்த பெயிண்டர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி டப்பா, எந்தப் பிரைமர், கறுப்பைக் கொஞ்சம் சேர்த்தார்களா, பந்தயத்துக்கு முந்தின இரவில் என்ன கையில் கிடைத்ததோ அதை அடித்தார்களா என்று அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையை மோட்டார் கிளப்புகள் இந்த ஆண்டே தொடங்கலாம். செங்குன்றத்திலிருந்து எளாவூர் வரை சாலையோரப் பட்டறைகளில் விசாரித்தாலே முதல் பெயர்கள் கிடைக்கும்.